ரோபோடெக்கின் வராத இரண்டாம் அலை: மினியேச்சர் கூட்டுநிதித் திட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

போன மாதம் ஒருநாள் இரவு பத்தரை மணிக்குப் போன் வந்தது. மேசை விளையாட்டுக்கான சின்னச் சின்ன உருவங்களுக்கு, அதாவது மினியேச்சர்களுக்கு, வண்ணம் தீட்டும் எங்கள் குழுவில் ஆக இளையவன்தான் பேசினான்.

"அண்ணே, ஒரு கிக்ஸ்டார்ட்டர் நாளைக்குக் காலையில முடியுது. டிராகன் ஒண்ணு அள்ளுது போங்க. ஷிப்பிங்கோட பதிமூணாயிரம் வரும். போடலாமா, வேணாமா?"

"டிராகனை அச்சுல அடிச்சு எடுத்த போட்டோ இருக்கா? இல்ல கம்ப்யூட்டர் படம் மட்டுமா?"

"ரெண்டர்தாண்ணே இருக்கு. ஆனா கம்பெனி இருபது வருஷமா ஃபீல்டுல இருக்கு."

"எந்த ஃபீல்டுல?"

பதில் வரவில்லை. கிக்ஸ்டார்ட்டர் என்பது பொருளைத் தயாரிக்கும் முன்பே பலரிடம் பணம் திரட்டும் கூட்டுநிதித் தளம். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். எந்தத் திட்டத்துக்குப் பணம் போடலாம் என்ற கேள்வி வரும்போதெல்லாம் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது ரோபோடெக் ஆர்பிஜி டாக்டிக்ஸ் விவகாரத்தைத்தான். நீண்ட அனுபவமுள்ள நிறுவனம், முப்பது வருடமாகக் காத்திருந்த ரசிகர்கள், கேட்டதைப் போல இருபது மடங்கு பணம் என எல்லாமே அதில் இருந்தது. அப்படியும் சொன்ன பொருளில் பெரும்பகுதி வரவே இல்லை.

என்ன நடந்தது

ரோபோடெக் 1985இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய தொடர். மேக்ரோஸ் உட்பட மூன்று ஜப்பானிய அனிமே தொடர்களை இணைத்து ஹார்மனி கோல்டு நிறுவனம் அதை உருவாக்கியது. போர் விமானமாகப் பறந்து, மனித உருவ இயந்திரமாக எழுந்து நிற்கும் வால்கிரியைச் சிறுவயதில் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. அந்தத் தொடருக்கான ரோல்பிளே (பாத்திரமேற்று ஆடும்) விளையாட்டுப் புத்தகத்தை 1986லேயே வெளியிட்டது பாலடியம் புக்ஸ். கெவின் சியம்பீடா 1981இல் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம் அது.

2013 வசந்தத்தில் பாலடியம் கிக்ஸ்டார்ட்டரில் ஒரு திட்டத்தை அறிவித்தது. மேசைமேல் வைத்து ஆடும் போர் விளையாட்டு. அதற்கு 1/285 அளவில் பிளாஸ்டிக் மினியேச்சர்கள். உருவங்களை வடிவமைக்கும் பொறுப்பு கூட்டாளி நிறுவனமான நிஞ்சா டிவிஷனிடம் இருந்தது. கேட்ட தொகை 70,000 டாலர். மே மாதம் முடிந்தபோது 5,342 பேரிடமிருந்து 14,42,312 டாலர் சேர்ந்திருந்தது. சராசரியாகப் பார்த்தால் ஆளுக்கு 270 டாலர். பொருள் கைக்கு வரும் என்று சொன்ன மாதம் 2013 டிசம்பர்.

டிசம்பர் வந்தது, பெட்டி வரவில்லை. 2014இல், பொருளை இரண்டு அலையாகப் பிரித்து அனுப்பப்போவதாக நிறுவனம் சொன்னது. அந்த ஆண்டு ஆகஸ்டில், பணம் போட்டவர்களுக்குப் பெட்டி போய்ச் சேரும் முன்பே, இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த ஜென் கான் மேசை விளையாட்டுக் கண்காட்சியில் அது விற்பனைக்கு வந்தது. அங்கேதான் முதல் பெரிய விரிசல். அதன் பிறகு முதல் அலை போய்ச் சேர்ந்தது. இரண்டாம் அலைக்கு ஒவ்வொரு ஆண்டும் ஒரு விளக்கம் வந்துகொண்டிருந்தது. 2018 பிப்ரவரியில், இரண்டாம் அலை வராது என்று பாலடியம் அறிவித்தது. தயாரிப்புச் செலவு கைமீறிவிட்டது. ரோபோடெக் உரிமமும் முடிவுக்கு வருகிறது. ஈடாக முதல் அலைச் சரக்கிலிருந்து பொருள் தருகிறோம், அனுப்பும் செலவு உங்களுடையது என்றார்கள். ஐந்து ஆண்டு காத்திருந்தவர்களுக்கு, ஏற்கெனவே கையில் இருப்பதையே இன்னொரு முறை தருவதாகச் சொன்ன பேரம் அது. அவர்களுடைய கோபம் முழுக்க நியாயமானது.

பிளாஸ்டிக்கும் புத்தகமும்

என் மாமா அம்பத்தூரில் பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். டப்பா மூடி, ஸ்விட்ச் போர்டு, சீப்பு மாதிரியான சாமான்கள். ஒருநாள் கெட்டி பிளாஸ்டிக் மினியேச்சர் ஒன்றை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, டியூப்லைட்டுக்குக் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோளிலிருந்து இடுப்புவரை மெல்லிய கோடு ஒன்று ஓடியது. அதை நகத்தால் வருடினார்.

"டை இங்கதான் ரெண்டா பிரியுது மாப்ளே. ரெண்டு இரும்புக் கட்டியும் நேரா விலகணும். இந்தக் கை இப்படி உடம்பை ஒட்டி வளைஞ்சிருந்தா, திறக்கும்போது மாட்டிக்கும், வெளிய வராது. கையைத் தனியா அடிச்சு ஒட்டித்தான் ஆகணும். படம் வரையறவனுக்கு இது தெரியாது, டை வெட்டறவனுக்குத் தெரியும்."

ரோபோடெக் பெட்டியைத் திறந்தவர்கள் மலைத்துப்போனதற்குக் காரணம் இதுதான். வால்கிரியின் மனித வடிவம் கதைப்படி ஏறக்குறைய 12.7 மீட்டர் உயரம். 1/285 அளவில் நாலரை சென்டிமீட்டர்கூட இல்லை, கட்டைவிரல் நீளம்தான். அந்தச் சின்ன உருவம் பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பிளாஸ்டிக் சட்டகத்தில் தொங்கியது. துப்பாக்கிக் குழல், கணுக்கால், தலை எல்லாம் தனித்தனி. இடுக்கியால் எடுத்து, தேய்த்து, ஒட்டி, இணைப்புக் கோட்டை மறைத்து ஒரு படையை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். கணினித் திரையில் வழுவழுப்பாக நின்ற சிற்பத்தை இரும்பு அச்சுக்குத் தக்கபடி உடைத்தபோது வந்த விளைவு அது. அப்படி உடைப்பது தனித் தொழில். அதற்குத் தனி ஆள், தனிக் காலம், தனிச் செலவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வால்கிரிக்கு விமானம், மனிதன், இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை என மூன்று வடிவம். விளையாட்டில் அவை மூன்றும் தனித்தனி உருவங்கள். ஒரு பாத்திரத்தைச் சேர்த்தால் மூன்று சிற்பங்களும் அவற்றுக்கான அச்சும் வேண்டும்.

என் பார்வையில் இந்த விவகாரத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பாலடியம் முப்பது ஆண்டு புத்தகம் போட்ட நிறுவனம். புத்தகத் தொழிலில் பணம் அதிகம் வந்தால் நல்லது மட்டும்தான்: கூடுதல் பிரதி அடித்தால் ஒரு பிரதியின் செலவு குறையும், ஒரு அத்தியாயத்தைச் சேர்த்தால் பதினாறு பக்கம் கூடும். இரும்பு அச்சில் கணக்கு வேறு. ஒரே உருவத்தைப் பத்தாயிரம் அடித்தால் மலிவு, பத்துப் புது உருவம் வேண்டும் என்றால் பத்துப் புது வேலை. ஒவ்வொரு அச்சுக்கும் ஆயிரக்கணக்கிலிருந்து பல்லாயிரம் டாலர்வரை முதலிலேயே எண்ணி வைக்க வேண்டும். இதற்கு நடுவில் ஸ்ட்ரெட்ச் கோல் வருகிறது. தொகை ஏற ஏற, 'இன்னொரு இயந்திரம் இலவசம், இன்னொன்றும் இலவசம்' என்று அறிவிப்பு. பணம் போட்டவருக்கு, 140 டாலருக்குக் கிடைக்கும் மூட்டை நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போகிற மகிழ்ச்சி. நிறுவனத்துக்கோ அதே 140 டாலரில் வெட்ட வேண்டிய அச்சுகளின் எண்ணிக்கை ஏறுகிறது.

வந்த பணத்தைப் பாருங்கள். கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுத்துக்கொள்ளும். பணம் கைமாறும் கட்டணம் இன்னொரு 3 முதல் 5 சதவீதம். 14.4 லட்சத்தில் ஏறக்குறைய 13 லட்சம் மிஞ்சும். சிற்பம், அச்சு, பிளாஸ்டிக், பெட்டி, விதிப்புத்தகம், கப்பல், தபால், உரிமத்துக்கான பங்கு எல்லாம் அதற்குள்ளேதான். எது எவ்வளவு தின்றது என்பது அவர்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கும். முதல் அலையை அனுப்பி முடித்தபோது இரண்டாம் அலையின் அச்சுக்கு வேண்டிய பணம் கையில் இல்லை என்பதுதான் என் கணிப்பு. மான்ஸ்டர் என்ற பிரம்மாண்டமான பீரங்கி இயந்திரம் இரண்டாம் அலைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதற்காகவே பணம் போட்டவர்கள் பலர்.

உரிமம் இன்னொரு சுமை. ஒவ்வொரு சிற்பமும் உரிமையாளரின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். உரிமத்துக்குக் கெடுத் தேதியும் உண்டு. சொந்தக் கற்பனையில் உருவம் செய்பவர் மூன்று வருடம் தாமதித்தாலும் நான்காம் வருடம் கொடுக்கலாம். அடுத்தவர் பாத்திரத்தை வாங்கிச் செய்பவருக்குத் தேதி தாண்டினால் கையில் பணம் இருந்தாலும் செய்ய உரிமை இருக்காது. 'நமக்குப் பிடித்த கதையாச்சே' என்று மனம் இளகும் இடமும் அதுவே என்பதால், உரிமம் வாங்கிய திட்டங்களை நான் இருமடங்கு கவனத்தோடு பார்க்கிறேன்.

அதே காலத்தில் கரை சேர்ந்தவை

எட்டு மாதம் முன்னால், 2012 ஆகஸ்டில், டெக்சாஸ் மாநிலம் டென்டனில் உள்ள ரீப்பர் மினியேச்சர்ஸ் 'போன்ஸ்' என்ற தன் பிளாஸ்டிக் மினியேச்சர் வரிசைக்குப் பணம் திரட்டியது. கேட்டது 30,000 டாலர். 17,744 பேர் தந்தது 34 லட்சத்து 29 ஆயிரம் டாலர். ஸ்ட்ரெட்ச் கோல்களின் ஆட்டம் ரோபோடெக்கைவிடப் பெரிது: 100 டாலர் போட்டவருக்கு 200க்கும் மேற்பட்ட உருவங்கள். என் அளவுகோலை மேலோட்டமாக வைத்துப் பார்த்தால் இது கவிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் சொன்ன 2013 மார்ச்சுக்குச் சில மாதம் பிந்தி, அந்த ஆண்டே வந்துவிட்டது.

காரணம் கண்ணுக்கு எதிரேதான் இருந்தது. ரீப்பர் 1992 முதல் உலோக மினியேச்சர் வார்த்து விற்ற நிறுவனம். சேர்த்துக்கொண்டே போன உருவங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே உலோகத்தில் விற்றுக்கொண்டிருந்த சிற்பங்கள். புதிதாகச் செதுக்க வேண்டியதில்லை. தேர்ந்தெடுத்த பொருள் மென்மையான பிவிசி. அது வளைந்து கொடுக்கும் என்பதால் மாமா சொன்ன அந்த மாட்டிக்கொள்ளும் கைகூட ஓரளவு அச்சிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும். உருவம் ஒரே துண்டாகக் கிடைக்கும். விலையாக, நுணுக்கம் சற்று மழுங்கும், வாள்நுனி கோணும். கோணிய வாளை வெந்நீரில் முக்கி நிமிர்த்தி உடனே குளிர்ந்த நீரில் போட்டால் நிற்கும். போன்ஸ் உருவங்கள் சில அதற்கு முன்பே கடையில் கிடைத்தன. யார் வேண்டுமானாலும் ஒன்றை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுத்திருக்கலாம். என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய சான்று ஒரு திட்டத்துக்குத் தேவையில்லை.

'கிங்டம் டெத்: மான்ஸ்டர்' என்ற விளையாட்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆடம் பூட்ஸ் 2012 இறுதியில் தொடங்கி 20 லட்சத்து 49 ஆயிரம் டாலர் திரட்டினார். 2013 நவம்பரில் தருவதாகச் சொன்னது 2015இல்தான் வந்தது. கெட்டி பிளாஸ்டிக்கின் அதே சிக்கல் அவரையும் பிடித்தது. ஆனால் கதை அவருடையது, உரிமத் தேதி இல்லை. அதற்கு முன்பே ரெசினில் சிறு எண்ணிக்கையில் மினியேச்சர் விற்ற கை அது. இரண்டு வருடம் பிந்திவந்த பெட்டியைப் பிரித்தவர்கள் அதன் தரத்தைப் பார்த்து மன்னித்தார்கள். 2016 நவம்பரில் அவர் மறுபடி வந்தபோது ஏறக்குறைய 1 கோடியே 24 லட்சம் டாலர் சேர்ந்தது. தாமதம் ஒரு திட்டத்தைக் கொல்வதில்லை என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வேன். பென்சில்வேனியா பல்கலைக்கழக வார்ட்டன் பள்ளியின் ஈத்தன் மாலிக் 2015இல் கிக்ஸ்டார்ட்டர் ஆதரவாளர்களைக் கேட்டு நடத்திய ஆய்வில், பொருளே தராமல் போன திட்டங்கள் 9 சதவீதம்தான். அவருடைய முந்தைய ஆய்வின்படி, குறித்த நாளில் தராதவை முக்கால் பங்குக்கு மேல். எனவே தாமதத்தைக் கணக்கில் எழுதிவிட்டுத்தான் நான் பணம் போடுகிறேன்.

மோசடி என்றே சட்டம் தலையிட்டதும் ஒன்று உண்டு. 'தி டூம் தட் கேம் டு அட்லாண்டிக் சிட்டி' விளையாட்டுக்காக 2012இல் எரிக் ஷெவாலியே என்பவர் 1,246 பேரிடம் 1,22,874 டாலர் திரட்டினார். கூடுதல் தொகை போட்டவர்களுக்குப் பியூட்டர் (வெள்ளீயக் கலவை) உருவங்கள் என்று வாக்கு. அடுத்த ஆண்டே கைவிரித்தார். பணம் வீட்டு வாடகை, இடமாற்றம் என்று போனதாக அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது. கூட்டுநிதி தொடர்பில் அது எடுத்த முதல் வழக்கு. 2015இல் 1,11,793 டாலருக்குத் தீர்ப்பு வந்தது. செலுத்த வசதியில்லை என்று அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. வேறொரு பதிப்பகமான கிரிப்டோசோயிக் தன் செலவில் அந்த விளையாட்டை வெளியிட்டு ஆதரவாளர்களுக்குக் கொடுத்தது அவர்களுடைய நல்லூழ். சட்டம் கைகொடுக்கும் என்று நம்பி யாரும் பணம் போட வேண்டாம்.

கப்பலேறிய பிறகு

2013இல் எவரும் அதிகம் பேசாத ஒன்று இன்று பாதிக் கணக்கைத் தின்கிறது: சரக்கை அனுப்பும் செலவு. கொரோனாவுக்குப் பின் கண்டெய்னர் வாடகை பல மடங்கு ஏறியபோது, பழைய விலையில் பணம் வாங்கியிருந்த திட்டங்கள் திணறின. 2022இல் மிதிக் கேம்ஸ் நிறுவனம் தன் 'டார்க்கெஸ்ட் டன்ஜன்' மேசை விளையாட்டின் ஆதரவாளர்களிடம் மேற்கொண்டு பணம் கேட்டது. 'ஸாம்பிசைடு' விளையாட்டின் மூலம் 2012 முதலே இந்தத் துறையில் பெரிய பெயராக இருந்த சிமோன் நிறுவனம், 2025இல் அமெரிக்கச் சுங்க வரி நெருக்கடியின் நடுவே புதிய விளையாட்டுகளின் உருவாக்கத்தை நிறுத்திவைத்தது. பெரும்பாலான பிளாஸ்டிக் மினியேச்சர் சீனாவில் அடிக்கப்படுவதால், வரி விகிதம் ஒரு கையெழுத்தில் மாறினால் முழுத் திட்டமும் ஆடிப்போகிறது. அதனால் பிரச்சாரத்தின்போதே 'ஷிப்பிங் இலவசம்' என்று சொல்லும் திட்டம் எனக்கு இப்போதெல்லாம் கவலை தருகிறது. அனுப்பும் நேரத்தில் உண்மைச் செலவை வாங்குபவரையே நம்புகிறேன்.

நம் பக்கத்துக்கு வந்தால் சுங்கம். 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. சுங்கப் பட்டியலில் மேசை விளையாட்டுக்குத் தலைப்பு வேறு, பொம்மைக்கு வேறு. பார்சல் மேல் என்ன எழுதியிருக்கிறது, அன்று பார்க்கும் அதிகாரி என்ன நினைக்கிறார் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். ஒருமுறை எனக்கு வந்த பெட்டிக்கு, பொருளின் விலையில் பாதிக்கு மேல் வரி கட்டி எடுத்தேன். அனுப்பியவர் 'டாய்ஸ்' என்று எழுதியிருந்தார். அன்று முதல் பணம் போடுவதற்கு முன் நிறுவனத்துக்கு இரண்டு வரி எழுதிக் கேட்டுவிடுகிறேன்: இந்தியாவுக்கு முன்பு அனுப்பியிருக்கிறீர்களா, பார்சலில் என்னவென்று எழுதுவீர்கள்? பதில் வருகிற வேகமும் விவரமும் அந்த நிறுவனத்தைப் பற்றி வேறு பல செய்திகளையும் சொல்லிவிடும்.

வீட்டில் ரெசின் 3டி பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. எஸ்டிஎல் கோப்புத் திட்டங்களில், அதாவது பிரிண்டரில் நாமே அடித்துக்கொள்ளக் கணினிக் கோப்பை மட்டும் தரும் திட்டங்களில், அச்சும் இல்லை, கப்பலும் இல்லை. சிற்பம் முடிந்தால் பொருள் முடிந்தது. சிறு சிற்பிகளுக்குக் காசு நேராகப் போவதும் அங்கேதான். நான் இப்போது பணம் போடுவதில் பெரும்பங்கு அந்த வகை.

மறுபடி அந்த டிராகன்

தம்பியிடம் திட்டத்தின் பக்கத்தைப் பகிரச் சொன்னேன், இருவரும் போனில் பேசிக்கொண்டே பார்த்தோம். நிறுவனம் இருபது வருடமாக இருப்பது உண்மை. கார்டும் விதிப்புத்தகமும் போடுகிறவர்கள், பிளாஸ்டிக்கில் இதுதான் முதல் முயற்சி. அடிப்படைப் பெட்டியில் பன்னிரண்டு உருவம். அவற்றில் நான்குக்கு அச்சில் அடித்த சாம்பல் நிறப் புகைப்படம் இருந்தது, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து எடுத்த படம். அது எனக்குப் பிடித்தது. ஸ்ட்ரெட்ச் கோலில் மேலும் பத்தொன்பது உருவம் சேர்ந்திருந்தது, எல்லாம் ரெண்டர். டிராகன் அதில் கடைசி. இறக்கை உடம்பைச் சுற்றி மடிந்து, வால் கழுத்துவரை சுழன்று வரும் சிற்பம்.

"இது எத்தனை துண்டா வரும்னு நினைக்கிற?"

"மாமா சொன்ன கணக்குப்படி பார்த்தா... பதினஞ்சு இருக்குமாண்ணே?"

"கம்பெனியைக் கேளு. எத்தனை துண்டு, எந்த பிளாஸ்டிக், டை எந்த நிலைமையில இருக்கு. மூணு கேள்வி."

அவன் அப்போதே எழுதிக் கேட்டான். அவர்கள் ஊரில் அது பகல் நேரம். ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. மரியாதையான, நேர்மையான பதில்: பொருள் இன்னும் முடிவாகவில்லை, பிரச்சாரம் முடிந்த பிறகுதான் ஆலையோடு பேச்சு. அந்த நேர்மைக்காகவே அவர்கள் மேல் எனக்கு மதிப்பு வந்தது. ஆனால் பதிமூன்றாயிரம் ரூபாய் என்பது அவனுக்கு ஒரு மாத வீட்டு வாடகை.

காலையில் ஆறரைக்கு அவனிடமிருந்து மெசேஜ் வந்திருந்தது. "ஒரு டாலர் மட்டும் போட்டிருக்கேண்ணே. மிச்சப் பணத்தைக் கட்டற பிளெட்ஜ் மேனேஜர் பக்கம் திறக்க நாலு மாசம் ஆகுமாம். அதுக்குள்ள டிராகனை அச்சுல அடிச்சுக் காட்டினா மிச்சத்தைப் போடறேன். இல்லைன்னா அந்த நாலு உருவம் இருக்கற சின்னப் பெட்டி போதும்."